சான் ஹுவான் ஆத்துல ட்ரவுட் பிடிக்க ரெண்டு பேர் ரெண்டு நாள்: ஒருத்தருக்கு பழக்கம், ஒருத்தருக்கு புதுசு

நீங்க கேட்டது இதுதான். வீட்டுக்காரருக்கு ஃப்ளை ஃபிஷிங், அதாவது ஃப்ளைங்கிற பூச்சி மாதிரி கட்டின முள்ளை வச்சு மீன் பிடிக்கிறது, பல வருஷப் பழக்கம், உங்களுக்கு ராடு (தூண்டில் கம்பு) கையில புடிச்சே பழக்கம் இல்ல, அக்டோபர் கடைசில ஒரு சனி ஞாயிறு ரெண்டு பேரும் அல்புகர்க்கில இருந்து கார் எடுத்து நியூ மெக்சிகோவோட வடமேற்கு மூலைல நவஹோ அணைக்குக் கீழ இருக்கிற சான் ஹுவான் ஆத்துக்குப் போறீங்க. கைடு வைக்கணுமா இல்ல அவரே சொல்லிக்குடுத்தா போதுமா, வீக்கெண்ட் கூட்டம் எப்படி, நாள் முழுக்க நான் கரையில உக்காந்து வேடிக்கை பாக்கிற மாதிரி ஆயிடுமா, "போறதுக்கு முன்னாடி ஒரு மாசம் புல்வெளில கேஸ்டிங் பழகிக்கோ"ன்னு அவர் சொல்றாரே அது தேவையா?

கடைசி கேள்வில இருந்து ஆரம்பிக்கிறேன், மத்ததெல்லாம் அதுலதான் இருக்கு. தேவையே இல்ல. அவர் சொல்றது வேற ஆறுகளுக்கு சரியா இருக்கலாம், இந்த ஆத்துல நீங்க பிடிக்கப் போற மீன் பெரும்பாலும் உங்க காலுக்கு இருபது அடிக்குள்ளதான் நிக்கும், சில நேரம் பத்து அடி. அம்பது அடி தூரம் அழகா வளைச்சு வீசத் தெரிஞ்சவருக்கும் நேத்துதான் ராடு தொட்டவருக்கும் இங்க வித்தியாசம் ரொம்பக் கம்மி. வித்தியாசம் வர்றது ட்ரிஃப்ட்ல, அதாவது போட்ட ஃப்ளை தண்ணி போற வேகத்துலயே எந்த இழுவையும் இல்லாம போகுதா இல்லையாங்கிறதுல. அதை ஒரு காலைப் பொழுதுல கத்துக்கலாம், பழைய கெட்ட பழக்கம் எதுவும் இல்லாததால உங்களுக்கு அவரை விட சீக்கிரமே வந்தாலும் ஆச்சரியமில்ல (இதை அவர்கிட்ட இப்பவே சொல்லிடாதீங்க).

ஏன் இந்த ஆறு இப்படின்னு கொஞ்சம் சொல்லணும், புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும். நவஹோ அணை 1962-ல கட்டி முடிச்சது, மண் அணை, 400 அடி உயரம். பின்னாடி இருக்கிற ஏரி ஆழமா இருக்கிறதால வெயில் காலத்துல மேல் தண்ணி சூடானாலும் அடித் தண்ணி சில்லுன்னே இருக்கும், அணைல இருந்து திறந்து விடறது அந்த அடித் தண்ணிதான். அதனால அணைக்குக் கீழ முதல் நாலு மைல் வரைக்கும் வருஷம் பூரா 42, 43 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கத்துலயே நிக்கும், அதாவது ஆறு டிகிரி செல்சியஸ். வண்டல் எல்லாம் ஏரிலயே தங்கிடறதால தண்ணி கண்ணாடி மாதிரி. சுத்திப் பாத்தா செம்மண் பாறையும் ஜூனிப்பர் புதருமா பாலைவனம், நடுவுல ஐஸ் தண்ணி ஆறு. அணை வர்றதுக்கு முன்னாடி இந்த இடத்துல இது கலங்கலா, கோடைல சூடா ஓடின ஆறு, ட்ரவுட்டுக்கு இங்க வேலையே கிடையாது. இப்படி அணை போட்டதால பொறந்த ட்ரவுட் ஆறுகளை அங்க டெயில்வாட்டர்னு சொல்வாங்க, அமெரிக்காவுல பேர் வாங்கின டெயில்வாட்டர்கள்ல இது ஒண்ணு.

இப்படி சில்லுன்னு, தெளிவா, பெரிய ஏத்த இறக்கம் இல்லாம ஓடுற தண்ணில பெரிய பூச்சிங்க கம்மி, சின்னப் பூச்சிங்க கணக்கே இல்லாம பெருகும். முக்கியமா மிட்ஜ், கொசு சைஸ்ல கடிக்காத ஒரு பூச்சி. அதோட புழுவும் கூட்டுப்புழுவும் அடியில இருந்து மேல வரைக்கும் நாள் பூரா மிதந்து வந்துகிட்டே இருக்கும். மீனுக்கு துரத்திப் பிடிக்கிற அவசியமே இல்ல, ஒரே இடத்துல நின்னு வாயைத் திறந்து மூடினா போதும். அதனாலதான் இங்க பதினாறு பதினேழு அங்குல ரெயின்போ ட்ரவுட் சாதாரணம், இருபது அங்குலமும் அப்பப்ப மாட்டும், பிரவுன் ட்ரவுட்டும் இருக்கு. ஆனா அந்த மீன் சாப்பிடற சாப்பாடு அவ்ளோ சின்னது, நீங்க கட்டப் போற ஃப்ளையும் அவ்ளோ சின்னது. 22, 24-ம் நம்பர் முள்ளுன்னா அரிசி மணில பாதி இருக்கும். முதல்ல பாக்கும்போது "இதுலயா அவ்ளோ பெரிய மீன்"னு சிரிப்பு வரும். வாசிக்கிற கண்ணாடி போடறவங்களா இருந்தா கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க, இது ஜோக் இல்ல, அந்த முள்ளோட துளைல நரம்பை கோக்கறதுலயே பாதி பேருக்கு பொறுமை போயிடும்.

இப்ப நரம்புல என்ன கட்டறதுன்னு. 9 அடி நீளம் 5 வெயிட் (லைனோட கனத்துக்கான நம்பர்) ராடு, எல்லாக் கடைலயும் வாடகைக்கு குடுக்கிறது அதுதான், போதும். லைன் முனைல 9 அடி லீடர்ங்கிற மெல்லிசு நரம்பு, அதுல மேல பக்கம் ஒரு இண்டிகேட்டர், சின்ன மிதப்பு. கீழ ஒரு குட்டி ஈயக்குண்டு, அதுக்கு அரை அடி கீழ முதல் ஃப்ளை, சிவப்பு மிட்ஜ் புழுவோ இல்ல இந்த ஆத்துப் பேரையே வச்ச சான் ஹுவான் வார்மோ. அதுல இருந்து ஒண்ணரை அடி கீழ ரெண்டாவது ஃப்ளை, ஜீப்ரா மிட்ஜ் இல்லன்னா ஆர்எஸ்2. இந்த ஆர்எஸ்2 கொலராடோவுல ரிம் சங்ங்கிற கொரியாக்காரர் கட்டினது, சாம்பல் கலர்ல பாக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், டெயில்வாட்டர் ஆறுகள்ல பல வருஷமா பேர் சொல்லிட்டிருக்கு. ரெண்டு ஃப்ளைக்கும் நடுவுல 6எக்ஸ் டிப்பெட்ங்கிற இன்னும் மெல்லிசு நரம்பு, அதாவது ஒரு அங்குலத்துல ஆயிரத்துல அஞ்சு பங்கு தடிமன். 11-ல இருந்து எக்ஸ் நம்பரை கழிச்சா ஆயிரத்துல எத்தனைன்னு வந்துடும், 5எக்ஸ்னா ஆறு, 7எக்ஸ்னா நாலு. இந்தத் தண்ணில தடிமனான நரம்பு போட்டா மீன் மூஞ்சைத் திருப்பிக்கும்.

இப்படி மிதப்பு, ஈயம், ரெண்டு முள் எல்லாம் தொங்குற நரம்பை தலைக்கு மேல முன்னும் பின்னும் வீசினா என்ன ஆகும்? சிக்கல்தான் ஆகும். அதுக்கு இங்க எல்லாரும் பண்றது, நரம்பை கீழ் நீரோட்டத்துல நேரா இழுபட விட்டுட்டு, ராடு நுனியை தண்ணிகிட்ட வச்சு, ஒரே வீச்சுல மேல் பக்கம் திருப்பிப் போடறது. தண்ணியோட இழுவையே ராடை வளைச்சுக் குடுத்துடும். புல்வெளில ஒரு மாசம் பழகினாலும் இது வராது, அங்க தண்ணி இல்ல. ஆத்துல பத்து நிமிஷத்துல வந்துடும்.

வந்தப்புறம்தான் உண்மையான வேலை. மிதப்பைப் பாக்காதீங்க முதல்ல, அதுக்குப் பக்கத்துல போற நுரைக் குமிழியைப் பாருங்க. மிதப்பு குமிழியை விட வேகமா போச்சுன்னா நரம்பு இழுக்குதுன்னு அர்த்தம், கீழ உங்க ஃப்ளை ஓடுது, எந்த மிட்ஜ் புழுவும் அப்படி ஓடாது, மீனுக்கு அது தெரியும். குமிழியோட சமமாவோ கொஞ்சம் மெதுவாவோ போனா சரி, ஏன்னா அடித் தண்ணி மேல் தண்ணியை விட மெதுவாத்தான் ஓடும். வேகமா போகுதுன்னா ராடு நுனியைத் தூக்கி, நடுவுல தொங்கற லைனை மட்டும் மேல் நீரோட்டப் பக்கம் அரை வட்டமா எடுத்து வைக்கணும், மிதப்பு நகரக் கூடாது. இதுக்கு மெண்ட்னு பேரு. இந்த ஒரு அசைவு, இது வந்துட்டா நீங்க மீன் பிடிக்கிற ஆள். மீன் ஃப்ளையை வாயில வாங்கறப்ப மிதப்பு குபுக்குன்னு உள்ள போகும்னு எதிர்பாக்காதீங்க, பெரும்பாலும் அரை நொடி தயங்கும், இல்ல லேசா ஒரு பக்கம் திரும்பும், அவ்ளோதான். சந்தேகமா இருந்தா ராடை கீழ் நீரோட்டப் பக்கமா மெதுவா தூக்குங்க, வெடுக்குன்னு இழுக்காதீங்க, 6எக்ஸ் தாங்காது.

மாட்டினப்புறம் ரீல் கைப்பிடில இருந்து கையை எடுத்துடுங்க. முதல் தடவை எல்லாரும் பண்றது, பயத்துல லைனை கெட்டியா புடிச்சுக்கறது, மீன் ஒரு பாய்ச்சல் பாயும், டப்புன்னு அறுந்துடும். அது ஓடறப்ப விடுங்க, ரீல் கிர்ருன்னு சத்தம் போடட்டும், நின்னா நீங்க சுத்துங்க, மறுபடி ஓடினா மறுபடி விடுங்க. ராடை நேரா மேல தூக்கிப் பிடிக்கிறதை விட பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிச்சா சீக்கிரம் களைச்சு வரும்.

சரி, கைடு விஷயம். என் அபிப்பிராயம் உறுதியா சொல்றேன்: சனிக்கிழமை ஒரு நாள் கைடு வைங்க, நீரோட்டத்தோட மிதந்து போற ட்ரிஃப்ட் போட்ல, ரெண்டு பேருக்கும் ஒரே படகு. வாடகை ஒரு படகுக்குத்தான், தலைக்கு இல்ல, முழு நாள்னா ஐநூறு டாலருக்கு மேல ஆகும், டிப்ஸ் தனி. சும்மா இல்லதான், ஆனா மீன் எங்க இருக்குன்னு காட்டறதுக்காக மட்டும் நான் இதைச் சொல்லல. கணவன் மனைவிக்கு நடுவுல பாடம் எடுக்க மூணாவது ஆள் ஒருத்தர் வேணும். கார் ஓட்ட சொல்லிக்குடுத்த தம்பதி யாரைக் கேட்டாலும் தெரியும். அவர் உங்க முழங்கைகிட்ட நின்னு "மெண்ட் பண்ணு, இப்ப பண்ணு, ஐயோ பண்ணியிருக்கணும்"னு சொல்லிட்டே இருந்தா பதினோரு மணிக்கு நீங்க கார்ல போய் உக்காந்துடுவீங்க, அவருக்கும் அன்னிக்கு தூண்டில் போட நேரம் கிடைச்சிருக்காது. அதே வார்த்தையை கைடு சொன்னா கோவம் வராது. படகுல முன் சீட்டு நீங்க எடுத்துக்கோங்க, பழக்கப்பட்டவர் பின்னாடி உக்காரட்டும், புது தண்ணி முதல்ல உங்க ஃப்ளைக்குக் கிடைக்கும். கைடு அவரையும் ரெண்டு இடத்துல திருத்துவார், அது உங்களுக்கு போனஸ்.

ஞாயித்துக்கிழமை கைடு வேண்டாம், நீங்களே நடந்து இறங்குங்க. அன்னிக்கு ஒரு யோசனை, பல ஜோடிங்க பண்றது: ரெண்டு ராடு எடுத்துட்டுப் போனாலும் ஒரு ராடு மட்டும் வச்சு பிடிங்க. ஒருத்தர் தண்ணில நிக்கறது, இன்னொருத்தர் கொஞ்சம் மேட்டுல இருந்து போலரைஸ்டு கண்ணாடி போட்டு மீனைப் பாத்து சொல்றது, மீன் மாட்டினா வலை எடுத்துட்டு வர்றதும் அவர்தான், ஒரு மீன் பிடிச்சா இடம் மாத்திக்கணும். அணைகிட்ட அப்பர் ஃப்ளாட்ஸ்னு ஒரு பகுதி இருக்கு, முழங்கால் அளவு தண்ணி பரவலா ஓடும், அங்க மேல நின்னு பாத்தா முதல்ல ஒண்ணுமே தெரியாது, கூழாங்கல்லுதான், கொஞ்ச நேரம் ஒரே இடத்தை உத்துப் பாத்தா ஒரு கல்லு லேசா ஆடும், வால் தெரியும், அப்புறம் பக்கத்துல இன்னொண்ணு, இன்னொண்ணு. வாய் திறக்கிறப்ப உள்ள வெள்ளையா ஒரு கீற்று தெரியும். "இப்ப வாங்குது, தூக்கு!"ன்னு மேல இருந்து சத்தம் வர்றப்ப மிதப்பைக் கூட பாக்காம தூக்கினா மாட்டியிருக்கும். இதை தனியா போறவங்களால பண்ணவே முடியாது, ஜோடியா போறதோட முழு லாபமும் இதுலதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன். பாக்கற வேலை உங்களுக்கு வந்துட்டா "கரையில வேடிக்கை"ங்கிற பேச்சே இல்ல, மேட்டுல நிக்கறவர்தான் அங்க மூளை.

ரெண்டு பேருக்கும் தனித்தனி லைசென்ஸ் வேணும், ஒரே ராடை மாத்தி மாத்தி புடிச்சாலும். நியூ மெக்சிகோல 12 வயசும் அதுக்கு மேலயும் ஆன யார் தூண்டில் புடிச்சாலும் லைசென்ஸ் கட்டாயம். ஆன்லைன்ல வாங்கலாம், ஒரு நாளுக்கு, அஞ்சு நாளுக்குன்னு தனித்தனியா இருக்கு. கூட என்னென்ன ஸ்டாம்ப் சேக்கணும்னு அந்தப் பக்கமே கேக்கும், அவசரத்துல தள்ளிட்டுப் போகாம படிச்சு டிக் பண்ணுங்க.

அணைக்குக் கீழ முதல் நாலு மைல் கிட்ட ஸ்பெஷல் ட்ரவுட் வாட்டர். அங்க பிடிச்ச மீனை எல்லாம் திருப்பி விடணும், செயற்கை ஃப்ளையோ லூர்ங்கிற போலி இரையோதான், முள்ளுல எதிர்முள் (நுனிகிட்ட பின்பக்கமா நிக்கிற குட்டி முள்) இருக்கக் கூடாது, இருந்தா குறடால நசுக்கிடுங்க. சாப்பிட மீன் வேணும்னா இது அதுக்கான இடம் இல்ல. இன்னொரு சட்டம் உங்களுக்கு விசித்திரமா தோணும்: காலால அடித்தரையைக் கிளறக் கூடாது. நீங்க தண்ணில நிக்கறப்ப உங்க கால் பட்டு கிளம்பற புழுவை சாப்பிட மீனுங்க உங்களுக்குப் பின்னாடி ரெண்டு மூணு அடில வந்து வரிசையா நிக்கும், நிஜமாவே கால்கிட்ட நிக்கும், பயமே இருக்காது. சில பேர் வேணும்னே காலைத் தேச்சு கிளறிட்டு அங்கயே ஃப்ளையைப் போடுவாங்க, அதுக்கு சான் ஹுவான் ஷஃபிள்னு பேர், இந்தப் பகுதில அது சட்டப்படி தப்பு. நடக்கறப்ப தானா கிளம்பறது வேற, நின்ன இடத்துல டான்ஸ் ஆடறது வேற. கால்கிட்ட வந்து நிக்கிற மீனை சும்மா ரசிங்க.

அக்டோபர் கடைசிங்கிறதால இன்னொண்ணு. பிரவுன் ட்ரவுட் முட்டையிடற காலம் அது. ஆழம் இல்லாத இடத்துல சுத்தியும் பாசி புடிச்ச கூழாங்கல் இருக்க, நடுவுல மட்டும் தேச்சுக் கழுவின மாதிரி வெளுப்பா ஒரு திட்டு தெரிஞ்சா அதுல மீன் முட்டை போட்டிருக்கு. அதை மிதிக்காதீங்க, அதுமேல நிக்கிற மீனுக்கு தூண்டிலும் போடாதீங்க. சட்டம் என்ன சொல்லுதுன்னு பாக்க வேண்டாம், இது மரியாதை. ஒரு மிதில போறது நூத்துக்கணக்கான முட்டை.

காலம்னு பாத்தா நல்ல நேரம்தான் பிடிச்சிருக்கீங்க. ப்ளூ விங்ட் ஆலிவ்னு ஒரு மேஃப்ளைப் பூச்சி இலையுதிர் காலத்துல மத்தியானம் ஒரு மணிக்கு மேல கிளம்பும், மேகமூட்டமா இருந்தா நிறைய. அப்ப தண்ணி மேல மூக்கு மூக்கா தெரிய ஆரம்பிக்கும். ஈயக்குண்டு மிதப்பு எல்லாத்தையும் கழட்டிட்டு தண்ணி மேல மிதக்கற ட்ரை ஃப்ளை ஒண்ணே ஒண்ணு கட்டி அவர் ஆசை ஆசையா பழகின கேஸ்டிங்கை காட்டட்டும், அந்த ரெண்டு மணி நேரம் அவருக்கு. மிட்ஜ் கொத்துக் கொத்தா தண்ணி மேல சுத்தினா கிரிஃபித்ஸ் நேட் கட்டச் சொல்லுங்க, ட்ரவுட் ஆறுகளைப் பாதுகாக்கற ட்ரவுட் அன்லிமிடெட் அமைப்பை 1959-ல ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ஜார்ஜ் கிரிஃபித் பேர்ல இருக்கிற ஃப்ளை அது.

இதனாலயே விடிகாலைல எழுந்து ஓடாதீங்கன்னு சொல்வேன். அக்டோபர் கடைசில அங்க விடியறதே ஏழு மணிக்கு மேல, காத்து உறைநிலைக்குப் பக்கத்துல இருக்கும், ராடோட வளையத்துல ஐஸ் கூட பிடிக்கும், பூச்சியும் வராது. ஒன்பது மணிக்கு மேல இறங்கினா போதும். பார்க்கிங்ல இடம் கிடைக்காதுன்னு அவர் பதறுவார், டெக்சாஸ் ஹோல்கிட்ட அது உண்மைதான், படகு இறக்கற இடம் அது, சனிக்கிழமை காலைல ட்ரெயிலரும் ஆளுமா நெருக்கடியா இருக்கும். அன்னிக்கு நீங்க கைடு படகுல இருக்கிறதால அது கைடோட தலைவலி. ஞாயித்துக்கிழமை டெக்சாஸ் ஹோல் பக்கமே போகாம அணைகிட்ட இருக்கிற பார்க்கிங்ல விட்டு நடங்க, இல்லன்னா எதிர்க் கரைக்குப் போய் சைமன் கேன்யன் பக்கம் இறங்குங்க. கார்ல இருந்து பத்து நிமிஷம் நடக்க யாரும் தயாரில்ல, அதனால நடந்தவங்களுக்கு இடம் உண்டு. ஞாயிறு மத்தியானம் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிடுவாங்க, அதுவும் ப்ளூ விங் கிளம்பற நேரமும் ஒண்ணா வரும்.

கூட்டத்துல ஒழுங்குன்னு சில உண்டு, எழுதி வைக்க மாட்டாங்க ஆனா மீறினா முறைப்பாங்க. ஒருத்தர் நின்னு பிடிச்சுட்டிருக்கிற தண்ணில, அவருக்கு நேர் எதிர்லயோ அவர் போகப் போற பக்கத்துலயோ போய் இறங்காதீங்க, எந்தப் பக்கம் போறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டா பெரும்பாலானவங்க இடம் குடுப்பாங்க, என்ன ஃப்ளைன்னும் சொல்லுவாங்க. படகு வந்தா உங்களுக்குப் பின்னாடி போக வழி இருந்தா அப்படித்தான் போவாங்க, நீங்க பதறி நகர வேண்டாம், அப்படியே நில்லுங்க.

தண்ணியோட அளவை போறதுக்கு முந்தின நாள் பாத்துடுங்க. அமெரிக்க அரசோட நிலவியல் துறையான யுஎஸ்ஜிஎஸ் தளத்துல ஆர்ச்சுலெட்டா அளவுமானி இருக்கு, அணைல இருந்து விடறதை அணையை நடத்துற பியூரோ ஆஃப் ரெக்ளமேஷன் அறிவிக்கும். அணையோட தண்ணிக்கு பல சொந்தக்காரங்க, விவசாயம் மட்டுமில்ல, ரொம்பக் கீழ ஃபார்மிங்டன்ல இருந்து பவல் ஏரி வரைக்கும் கொலராடோ பைக்மின்னோ, ரேசர்பேக் சக்கர்னு அழிவின் விளிம்புல இருக்கிற ரெண்டு நாட்டு மீனுக்காக விநாடிக்கு 500-ல இருந்து 1,000 கன அடி அங்க ஓடணும்னு கணக்கு வச்சு விடறாங்க. அணைல இருந்து 500 கன அடி பக்கம் விட்டா நடந்து மீன் பிடிக்க சுகம், 1,000 தாண்டினா சில இடத்துல கடக்கறது கஷ்டம். வசந்த காலத்துல சில வருஷம் 5,000 வரைக்கும் திறப்பாங்க, அப்ப நடக்கறதுக்கே இடம் இல்ல, உங்களுக்கு அந்தக் கவலை இல்ல.

துணி விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம். வேடர்ஸ் (பாதத்துல இருந்து நெஞ்சு வரைக்கும் வர்ற, தண்ணி புகாத உடுப்பு) இல்லாம இறங்கினா அஞ்சு நிமிஷத்துல கால் மரத்துடும். அங்க கடைகள்ல வாடகைக்குக் கிடைக்கும், முன்கூட்டியே போன் பண்ணி பெண்கள் சைஸ் இருக்கான்னு கேட்டு எடுத்து வைக்கச் சொல்லுங்க, ஆம்பளை சைஸ் போட்டா இடுப்புல பைமாதிரி தொங்கும், பாதம் மடங்கும். உள்ள கம்பளி சாக்ஸ் ரெண்டு, ஆனா பூட்ஸ் இறுகற அளவுக்கு இல்ல, இறுகினா ரத்த ஓட்டம் நின்னு இன்னும் குளிரும். பருத்தி ஜீன்ஸ் உள்ள போடாதீங்க. இடுப்பு பெல்ட் எப்பவும் கட்டியிருக்கணும், விழுந்தா தண்ணி உள்ள நிரம்பாம அதுதான் தடுக்கும். கல்லு பூரா பாசி, வழுக்கும், ஆணி வச்ச ரப்பர் சோல் நல்லது, ஆனா ஆணி பூட்ஸோட கைடு படகுல ஏறாதீங்க, தரையைக் கீறிடும், முன்னாடியே சொல்லிடுங்க. ஆழமா இருக்கிற இடத்தைக் கடக்கறப்ப ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கிட்டு, கனமானவர் மேல் நீரோட்டப் பக்கம் நிக்க, ஒரு நேரத்துல ஒருத்தர் மட்டும் காலை எடுத்து வைக்கணும்.

யாரும் சொல்லாத ஒண்ணு: வேடர்ஸ் போட்டா பாத்ரூம் போறது பெரிய வேலை, பெண்களுக்கு இன்னும். பார்க்கிங் இடங்கள்ல கழிப்பறை இருக்கு, இறங்கறதுக்கு முன்னாடி போயிடுங்க, மேல கோட்டு, பை எல்லாம் ஈஸியா கழட்டற மாதிரி போட்டுக்கோங்க, படகுல கைடுகிட்ட "கரைல நிறுத்துங்க"ன்னு சொல்லத் தயங்காதீங்க. தினம் கேக்கிற விஷயம் அவருக்கு. இதுக்குப் பயந்து தண்ணி குடிக்காம இருக்காதீங்க, கிட்டத்தட்ட 5,700 அடி உயரம், காத்து ரொம்ப வறண்டது, சாயங்காலம் தலைவலி வந்துடும்.

மீனைத் தொடறதுக்கு முன்னாடி கையை நனைச்சுக்கோங்க, உலர்ந்த கை அதோட மேல் வழுவழுப்பை எடுத்துடும். வலை தண்ணிக்குள்ளயே இருக்கட்டும், முள்ளை அங்கயே கழட்டுங்க. போட்டோ வேணும்னா, இது ஜோடியா போறதுல வர்ற பெரிய பிரச்சனை, ஒருத்தர் போனை எடுத்து கேமரா திறந்து ரெடின்னு சொன்னப்புறம்தான் இன்னொருத்தர் மீனைத் தூக்கணும், மூணு நொடி, திரும்ப உள்ள. செவுளுக்குள்ள விரல் விடாதீங்க, வயித்தை அழுத்தாதீங்க. விடறப்ப மேல் நீரோட்டத்தைப் பாத்த மாதிரி பிடிச்சு, தானா உதறிக்கிட்டு போற வரைக்கும் விடாதீங்க.

தங்கறதுக்கு நவஹோ டாம்ங்கிற சின்ன ஊர்லயே லாட்ஜ் சிலது இருக்கு, வீக்கெண்ட்னா முன்கூட்டியே புக் பண்ணணும். டெண்ட் போடறவங்களா இருந்தா நவஹோ லேக் ஸ்டேட் பார்க்கோட காட்டன்வுட் கேம்ப்கிரவுண்ட் ஆத்தோரத்துலயே இருக்கு, அக்டோபர் ராத்திரிக்கு நல்ல ஸ்லீப்பிங் பேக் வேணும். மளிகை, பெரிய கடைன்னா ஆஸ்டெக்குக்கோ ப்ளூம்ஃபீல்டுக்கோ அரை மணி நேரம் போகணும். போன் சிக்னல் நம்ப முடியாது, லைசென்ஸ் காப்பியை போன்லயே சேமிச்சு வச்சுக்கோங்க.

நடுவுல உங்களுக்கு அலுத்தா அவரை ஆத்துல விட்டுட்டு சைமன் கேன்யன்ல நடந்துட்டு வாங்க, ஒரு மைலுக்கு கொஞ்சம் கூட, 18-ம் நூற்றாண்டுல நவஹோ மக்கள் பெரிய பாறை உச்சில கட்டின ஒத்தை அறை வீடு அங்க இன்னும் நிக்குது. இல்லன்னா ஆஸ்டெக் ரூயின்ஸ் நேஷனல் மான்யுமெண்ட், அங்க மறுபடி கட்டி வச்சிருக்கிற பெரிய கீவாவுக்குள்ள (பழங்குடி மக்களோட வட்டமான சடங்கு அறை) இறங்கிப் போகலாம். ரெண்டு நாளும் காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் தண்ணிலயே நிக்கணும்னு யாரும் விதி போடல. ஞாயிறு காலைல ரெண்டு மணி நேரம் நீங்க போயிட்டு வந்தா, அவரும் அந்த ரெண்டு மணி நேரம் யாருக்கும் முடிச்சு போட்டுத் தராம பிடிச்சிருப்பார்.

முடிச்சுன்னதும் ஞாபகம் வருது, ஊர்ல இருக்கறப்ப ஏதாவது பழகியே ஆகணும்னா கேஸ்டிங் வேண்டாம், ரெண்டு முடிச்சு பழகுங்க: முள்ளுல கட்ட கிளிஞ்ச் நாட், ரெண்டு நரம்பை சேக்க சர்ஜன்ஸ் நாட். டிவி பாத்துக்கிட்டே பண்ணலாம். இறுக்கறதுக்கு முன்னாடி எச்சில் வச்சு நனைக்கணும், உலர்ந்த நரம்பை இழுத்தா உராய்ஞ்சு சூடாகி பலம் போயிடும். சொந்தமா முடிச்சு போடத் தெரிஞ்சா அவர் முப்பது அடி தள்ளி நிக்கலாம், ரெண்டு பேருக்கும் நிம்மதி.

ஞாயிறு கிளம்பறப்ப பூட்ஸ், வேடர்ஸ்ல ஒட்டின சேறு பாசியை அங்கயே தேச்சுக் கழுவி, வீட்டுல நல்லா காய வச்சப்புறம்தான் வேற ஆத்துக்கு எடுத்துட்டுப் போகணும், வேண்டாத பாசியும் நத்தையும் இப்படித்தான் ஆறு விட்டு ஆறு போகுது. ப்ளூம்ஃபீல்டுல டேங்க் நிரப்பிடுங்க, அல்புகர்க் வரைக்கும் 550 ரோடு கிட்டத்தட்ட மூணு மணி நேரம், நடுவுல கியூபாங்கிற சின்ன ஊர் வரைக்கும் பெருசா ஒண்ணும் கிடையாது. இருட்டினப்புறம் மான் குறுக்க வரும், அதனால மூணரை மணிக்கு மீன் நல்லா வாங்கிட்டிருந்தாலும் "இன்னும் ஒரே ஒரு ட்ரிஃப்ட்"னு அவர் கேப்பார், ஒண்ணு குடுங்க, ரெண்டாவது குடுக்காதீங்க.